தையல் ஹால் தண்ணீர் குடித்த நாள்

நர்ஸிங் முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. எண்பதுகளின் தொடக்கம். என்னோடு வேலூரில் படித்தவர்கள் எல்லோரும் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று போய்விட்டார்கள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி வீட்டோடு இருந்தார், அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர். பகலில் கூப்பிட்டால் ஓடி வரும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

கம்பெனியில் எனக்கென்று ஓர் அறை கொடுத்தார்கள். ஃபர்ஸ்ட் எய்டு ரூம். ஒரு கட்டில், கண்ணாடி அலமாரி, ஸ்டூல், சுவரில் சின்னக் கரும்பலகை. ஒரு பக்கம் கட்டிங் ஹால், அங்கே ஆண்கள் தோலை வெட்டுவார்கள். மறுபக்கம் தையல் ஹால், அங்கே பெண்கள் வரிசையாக மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். கட்டிங்கிலிருந்து விரலை வெட்டிக்கொண்டு வருவார்கள். தையலிலிருந்து ஊசி ஏறிய விரலோடு வருவார்கள், பசை வாடையில் தலைவலி என்று வருவார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. தையல் ஹால் பெண்கள் மாற்றி மாற்றி நீர்க்கடுப்போடு வந்தார்கள். எரிச்சல், அடிவயிற்று வலி, சிலருக்கு குளிர்ஜுரம். மாத்திரை கொடுத்தால் சரியாகும். அடுத்த மாதம் அதே பெண் வந்து நிற்பாள்.

தண்ணீரில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். ஊரில் கிணற்றுத் தண்ணீரெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் உப்பேறிக் கிடந்த காலம். ஆனால் கம்பெனிக்குக் குடிதண்ணீர் வெளியிலிருந்து லாரியில் வந்தது. இரண்டு ஹாலுக்கும் ஒரே தண்ணீர். கட்டிங் ஹால் ஆண்களில் ஒருவர்கூட எரிச்சல் என்று வரவில்லை.

ஹால்களில் குடிதண்ணீர்ப் பானைகளை நிரப்ப ஒரு பெரியவர் இருந்தார். ஒரு சாயங்காலம் அவர் தையல் ஹால் பானைகளைத் தூக்கி வந்து, வாசலில் இருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பானை விளிம்புவரை தண்ணீர்.

"ஏன் பெரியவரே, இவ்ளோ தண்ணியும் மிச்சமா?"

"தெனம் இப்டித்தான் சிஸ்டர். கட்டிங்ல மத்தியானத்துக்குள்ள காலி, நான் ரெண்டாவது வாட்டி ரொப்பணும். இந்த ஹால்ல பொம்பளைங்களுக்குத் தாகமே எடுக்காது போல."

அது ஏப்ரல் மாதம். தகர ஷீட் போட்ட ஹால். வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு எப்படித் தாகம் எடுக்காமல் இருக்கும்? அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

மறுநாள் தலைவலி மாத்திரைக்கு வந்த ஒருவரிடம் கேட்டேன். எல்லோரும் அவரைக் குடியாத்தத்து அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவர். பவர்லூம் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் ஸ்டோர் ரூம் வரைக்கும் கேட்கும்.

"தண்ணி குடிச்சா வேலை ஜாஸ்தி ஆவும் சிஸ்டர்" என்றார். பின்னால் நின்றிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை.

எனக்கு மாடியில், ஆபீஸ் பக்கம், கழிப்பறை இருந்தது. இவர்களுக்கு எங்கே? ஒருநாள் டீ மணி அடித்ததும் நானே தேடிக்கொண்டு போனேன். ஹாலின் பின்வாசலைத் தாண்டினால் பெரிய முற்றம். அங்கே ஆண்கள் தோலைக் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் லாரி நிற்கும் இடம், டிரைவர்கள், கிளீனர்கள். அதற்கும் அப்பால், காம்பவுண்டு சுவரோரம், இரண்டு அறைகள். தகரக் கதவு. உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. கதவைச் சாத்தினால் தானாகத் திறந்துகொண்டது. குழாயைத் திருகிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

திரும்பி வரும்போது இன்னொன்றையும் கவனித்தேன். தையல் ஹால் சூப்பர்வைசரின் மேஜையோரம் ஓர் ஆணி. அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்த உள்ளங்கை அளவு மரக்கட்டை தொங்கியது. வெளியே போக வேண்டும் என்றால் அதை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஹால் முழுவதற்கும் ஒரே கட்டை. ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். சிவப்புக் கட்டையோடு முற்றத்தில் ஒரு பெண் நடந்தால் எங்கே போகிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கட்டை ஒன்றுதான் என்பதால் துணைக்கு ஆள் வர முடியாது. பானை நிறைந்தபடி இருந்ததன் காரணம் இதுதான்.

காரணம் தெரிந்த பிறகும் என் ஆர்வம் அடங்கவில்லை. இத்தனை பெண்கள், இத்தனை வருஷம், ஒருவர்கூட ஏன் இதைப் பற்றிப் பேசவில்லை? ஒருவருக்கொருவராவது பேசிக்கொண்டார்களா?

அதைக் கேட்க ஒரு மத்தியானம் வாய்த்தது. கரண்ட் போய்விட்டது. மெஷின்கள் நின்றன. ஹாலில் புழுக்கம் தாங்காமல் பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். அங்கே ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வரும். கட்டிலில் சிலர், தரையில் சிலர், இடம் போதாமல் வாசலில் சிலர். நான் கேட்டேன்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல, தண்ணி குடிக்காதேன்னு யாரு உங்களுக்குச் சொன்னாங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும் சொல்லல சிஸ்டர்" என்றாள் ஒரு சின்னப் பெண். "மொத நாள் ஒருவாட்டி போய்ட்டு வந்தேன். லாரிக்காரன் ஒருத்தன் பாட்டு பாடுனான். அதுக்கப்புறம் நானே குடிக்கறத வுட்டுட்டேன்."

"எனக்கும் யாரும் சொல்லல."

"நான் எனக்கு மட்டும்தான் இந்தப் பயம்னு நெனச்சினு இருந்தேன்" என்றார் இன்னொருவர்.

அப்போது ஆபா பேசினார். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அக்காவை ஆபா என்று அழைப்பார்கள். கம்பெனியில் எல்லோருக்குமே அவர் ஆபாதான். கேட்டில் புர்க்காவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தால், சாயங்காலம் அதை எடுக்கும்வரை வாய் திறக்காதவர். தையல் அவர் கையில் ஓடும். அவர் குரலை நான் அதற்கு முன் சரியாகக் கேட்டதே இல்லை.

"பானை ஒடஞ்சிச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா?" என்றார் குடியாத்தத்து அக்கா. "கால் வழுக்கிப் பானைய இழுத்துக்கினு வுழுந்தீங்களே. ஒடம்பெல்லாம் தண்ணி. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

"வழுக்கல" என்றார் ஆபா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கட்டை வெளிய போயிருந்திச்சு. அது வரட்டும்னு பானை பக்கத்துல நின்னுட்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்னேன். முடியல. நின்ன எடத்துலயே போய்ட்ச்சு. யாராச்சும் திரும்பிப் பாத்தா என் மானம் போயிடும். அதான் பானைய மேல இழுத்துப் போட்டுக்கினேன்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சூப்பர்வைசர் மாடு மாதிரி நடக்கறேன்னு திட்டுனாரு. நீங்கல்லாம் சிரிச்சீங்க. எனக்கு சந்தோஷமா இருந்திச்சு. யாருக்கும் தெரியலியே, அந்த சந்தோஷம்."

குடியாத்தத்து அக்கா எழுந்து போய் ஆபா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அவருக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னார்:

"சின்னவன் வயித்துல இருக்கச்சொல்ல நான் லீவு போட்டேனே, டைபாய்டுன்னு. டைபாய்டு இல்ல. நீர்க்கடுப்பு முத்தி கிட்னிக்கு ஏறிட்ச்சு. புள்ள தங்குமான்னு டாக்டர் சந்தேகப்பட்டாரு. ஊட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. டைபாய்டுன்னா ஹார்லிக்ஸ் வாங்கினு பாக்க வருவாங்க. இதச் சொன்னா யாரு வருவா?"

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாதவிடாய் நாட்களில் வேலைக்கே வராமல் இருந்து, அதற்குக் காரணமாக மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவந்தவர். துணிக்குள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர். கல்யாணமான புதிதில் இதற்குப் பயந்து வேலையை விட்டுவிட்டு, வீட்டில் அடுப்பு எரியாமல் திரும்ப வந்தவர். பக்கத்துப் பக்கத்து மெஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களில் ஒருத்தியின் கதையை இன்னொருத்தி அன்றுதான் கேட்டாள். கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள் சின்னப் பெண்.

"தண்ணி குடிப்போம்" என்றார் குடியாத்தத்து அக்கா. தொண்டை பழையபடி திரும்பியிருந்தது. "எல்லாரும் குடிப்போம்."

"குடிச்சா?"

"குடிச்சா வரும். வந்தா எழுந்து போவோம். எல்லாரும் ஒண்ணா."

"வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"எதுக்கு, தண்ணி குடிச்சதுக்கா? தூக்கட்டும். கேட்டாண்ட நின்னு போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். தண்ணி குடிச்சேன், தூக்கிட்டாங்கன்னு."

என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க சிஸ்டர். வெயில் காலம், தண்ணி நெறைய குடிக்கணும்னு உங்க போர்டுல எழுதுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

எழுதினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. பெரிய எழுத்தில், சுண்ணாம்புக்கட்டி தேயத் தேய எழுதினேன்.

மறுநாள் காலை பெரியவர் என் அறை வாசலில் வந்து நின்றார். "இன்னா சிஸ்டர் ஆச்சு இந்தப் பொம்பளைங்களுக்கு? அதுக்குள்ள ரெண்டு பானையும் காலி!" அவர் திரும்ப நிரப்பினார். அதுவும் தீர்ந்தது. ஹாலை எட்டிப் பார்த்தேன். சொம்பு ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் போவதுபோல் இருந்தது.

டீ மணிக்குக் கொஞ்சம் பின்னால், மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது என் அறைக்குக் கேட்டது. எழுந்து ஓடினேன். ஆபா சூப்பர்வைசரின் மேஜை முன்னால் நின்றிருந்தார். அவர் பின்னால் குடியாத்தத்து அக்கா. அக்காவுக்குப் பின்னால் ஹாலின் கடைசிவரை வரிசை.

சூப்பர்வைசர் கட்டையை எடுத்து நீட்டினார். ஆபா வாங்கிக்கொண்டார், நகரவில்லை.

"கதவு புடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

"நான் புடிக்கறேன்" என்றார் அக்கா.

"கட்டை ஒண்ணுதாம்மா இருக்கு. ஒருத்தர்தான் போவணும்."

"அப்ப நாங்க நிக்கறோம் சார்" என்றார் ஆபா.

"இன்னாம்மா இது, ஸ்ட்ரைக்கா?"

"ஸ்ட்ரைக் இல்ல சார்" என்றார் அக்கா, ஸ்டோர் ரூமுக்குக் கேட்கும்படி. "ஒண்ணுக்கு."

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. சூப்பர்வைசர் முகம் சிவந்து மாடிக்கு ஓடினார். மேனேஜர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை போடும் அமைதியான மனிதர், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாக்கி இருந்தது, அந்தக் கவலை அவர் நடையில் தெரிந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"போர்டுல எழுதுனது நீங்களா சிஸ்டர்?"

"ஆமா சார். இந்த ஹால்ல நீர்க்கடுப்பு ஜாஸ்தி சார். தண்ணி குடிச்சாதான் குறையும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் பதில் சொல்வதற்குள் ஆபா குறுக்கே பேசினார். "எங்களோட ஒரு தடவ வாங்க சார். வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றத நாங்க கேக்கறோம்."

மேனேஜர் ஒருகணம் தயங்கினார். பிறகு நடந்தார். ஆபா கையில் சிவப்புக் கட்டையோடு முன்னால், அவர் நடுவில், ஹால் முழுக்கப் பின்னால். முற்றத்தில் தோல் காயப்போட்டவர்கள் கையிலிருந்ததை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். லாரிப் பக்கம் யாரும் பாடவில்லை. தகரக் கதவின் முன்னால் போய் எல்லோரும் நின்றோம்.

"உள்ள போங்க சார்" என்றார் குடியாத்தத்து அக்கா. "தாப்பா போட்டுக்குங்க."

மேனேஜர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கதவு திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இத்தனை பெண்கள். யாரும் சிரிக்கவில்லை. குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது யாரையும் நேராகப் பார்க்காமல் வந்தார்.

"அந்தக் கட்டையை இங்கயே போட்டுடுங்கம்மா" என்றார் ஆபாவிடம். பிறகு சூப்பர்வைசரிடம், "இன்னிக்கி எல்லாரையும் மாடிக்கு அனுப்புங்க. ஆபீஸ் பாத்ரூமுக்கு."

அந்தப் படியேற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஷூ கம்பெனியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் மாடி ஏறினார்கள். அதுவரை அவர்களில் ஒருவரும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. கிளார்க்குகள் எழுந்து சுவரோடு ஒதுங்கினார்கள். தாங்கள் தைத்த ஷூக்கள் முழுசாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்து சிலர் நின்றுவிட்டார்கள். "தோ, இது நம்ம லைனு!" என்றது ஒரு குரல். உள்ளே போய் வந்த சின்னப் பெண் என் காதில் சொன்னாள்: "உள்ள கண்ணாடி கீது சிஸ்டர். நான் பொட்டு சரி பண்ணிக்கினேன்."

எல்லாம் அன்றோடு முடிந்துவிடவில்லை. ஹாலை ஒட்டிப் புதிதாகக் கட்டித் தருவதாக மேனேஜர் சொன்னார். கொஞ்ச நாள் எந்த வேலையும் தொடங்கவில்லை. ஆபா தினமும் காலையில் மாடியேறி, "சார், செங்கல் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு இறங்குவார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். மழைக்கு முன்னால் கட்டி முடித்தார்கள். தாழ்ப்பாள் போட்ட கதவுகள், தண்ணீர் வருகிற குழாய். சூப்பர்வைசருக்கு ஆத்திரம் தீரவில்லை. குடியாத்தத்து அக்காவை மெஷினிலிருந்து எழுப்பி, கெட்டுப்போன தையலைப் பிரிக்கும் மேஜையில் உட்கார வைத்தார். பல மாதம் அங்கேயே இருந்தார் அக்கா. பிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கதை சொல்வார்.

ஊரிலும் பேச்சு பரவியது. அக்காவின் கணவர் உட்காரும் டீக்கடையில், "இன்னாபா, உன் ஊட்டுக்காரி தண்ணி கட்சித் தலைவியாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே, என்னதான் நடந்தது என்று கேட்டாராம். அக்கா டைபாய்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"தட்டுல கைய வெச்சினு அந்த ஆளு அழுதுட்டாரு சிஸ்டர்" என்றார் மறுநாள் என்னிடம். "எனக்கு ஒரே பேஜாராப் போய்ட்ச்சு. இவ்ளோ நாளா சொல்லாம இருந்தேனேன்னு இல்ல. சொன்னா இப்டி அழுவாருன்னு தெரியாமப் போச்சேன்னு."

பஸ் ஸ்டாண்டில் மற்ற கம்பெனிப் பெண்கள் அக்காவைத் தேடி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எப்படிச் செய்தீர்கள், யார் முதலில் எழுந்தது, துரத்தவில்லையா? ஒருநாள் நான் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீட்டுக்குப் போகையில், அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவில் ஆபா பானை உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புர்க்காவின் முகத்துணியை மேலே தூக்கிவிட்டு, பானையை இழுத்ததைக் கையால் காட்டி, சூப்பர்வைசர் திட்டியதை அவர் குரலிலேயே சொல்லி. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா நல்ல இழையில் புடவை கட்டி, கொண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். இந்த மாதிரி விஷயங்களைச் சாப்பாட்டு மேஜையில் பேசினால் பிடிக்காது. பேச்சை மாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாம எதுக்கு ஆம்பூர் வந்தோம், தெரியுமா உனக்கு?"

"முன்னால இருந்த நெமிலி ஊர்க் காத்து அப்பாவுக்கு ஒத்துக்கல, நீ டிரான்ஸ்பர் கேட்டே."

"அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றார் அம்மா. "நெமிலிப் பக்கத்துல நான் வேலை பாத்த பள்ளிக்கூடத்துல டீச்சருங்களுக்குக் கழிப்பறையே கிடையாது. எதிர் வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. எப்ப வேணாலும் வாங்க டீச்சர்ம்பாங்க. நெல்லு அவிச்சுட்டு இருந்தாலும் கைய துடைச்சுட்டு வந்து கதவைத் திறப்பாங்க. அவங்க வீட்டை வித்துட்டு மகனோட போய்ட்டாங்க. அதுக்கப்புறம் காலைல காப்பி குடிக்கறதையே விட்டேன். ஒரு டெர்ம் ஓட்டினேன். முடியல."

முன்னறையில் கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "எனக்கு ஒத்துக்கலைன்னு டாக்டரே சொன்னதா இல்ல சொன்னே?"

"டாக்டர் சொல்லல. நான் சொன்னேன்" என்றார் அம்மா, திரும்பாமல்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். பிறகு, "அந்த எதிர்வீட்டம்மா பேரு என்ன?" என்று கேட்டார். அம்மா சொன்னார். அந்த அம்மாவைப் பற்றி அப்பா இன்னும் கேட்டார். எந்த ஊருக்குப் போனார்கள், மகன் என்ன செய்தான், அம்மா அவர்களுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்தாரா? நானும் கேட்டேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் கண்முன்னே எனக்குத் தெரியாத ஒரு இளம் டீச்சர், எதிர்வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னல்லாம் சொல்லாம வச்சிருக்கே?" என்றேன்.

"சாப்பிடு, ஆறுது" என்றார் அம்மா.

அந்த வாரம் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். வழக்கமாக அவர் ஜெபக்குறிப்பு வாசிப்பார். அன்று தங்கள் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை கழிப்பறைக்கு என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா என்று ஆரம்பித்தார். ஒரு பெரிய மனுஷி, "சபையில பேசற பேச்சா இது?" என்றார். அம்மாவுக்குக் காது சிவந்தது. உட்காரவில்லை. நெமிலிக் கதையை முதலிலிருந்து சொன்னார். அவர் முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஆஸ்பத்திரி ஆயா வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, "நானும் ஒண்ணு சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டார்.